பலாமரத்துக் கருவிப் பெட்டி

நம் வீடுகளில் பெட்டிகளுக்குப் பஞ்சமில்லை. நகைக்கு ஒரு பெட்டி, வெற்றிலைக்கு ஒரு பெட்டி, கடுகுக்கும் மிளகுக்கும் அஞ்சறைப் பெட்டி, பத்திரங்களுக்குப் பூட்டுப் போட்ட கைப்பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் அதனதன் அந்தஸ்துக்கு ஏற்ற இருப்பிடம் ஏற்பட்டிருக்கிறது. சுத்தியல், உளி, ரம்பம், திருப்புளி ஆகியவை மாத்திரம் அநாதைகளாய்ப் பரண்மேல் ஒரு கிழிந்த சாக்கில் கிடக்கின்றன. வருஷத்தில் ஒரு நாள், ஆயுத பூஜையன்று, வீட்டுக்காரருக்கு அவற்றின் ஞாபகம் வருகிறது. சாக்கை இறக்கித் துருவைத் தேய்த்துச் சந்தனமும் குங்குமமும் இடுகிறார். விஜயதசமி கழிந்ததும் அவை மறுபடியும் பரணுக்கே போய்விடுகின்றன. தாத்தா காலத்து உளி ஒன்று இப்படியே அரித்து அரித்து, பேரன் காலத்தில் பழைய இரும்புக்காரரின் தராசில் ஏறுகிறது. அந்த உளியின் எஃகுக்கு ஈடான எஃகைப் பிறகு கடை கடையாய் அலைந்தாலும் வாங்குவது எளிதல்ல.

ஆகவே, கருவிகளை வைக்க ஒரு நல்ல மரப்பெட்டியைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதைப்பற்றி இங்கே எழுதப் புகுந்தோம். இதைத் தச்சர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அவர்கள் நமக்குப் பாடம் சொல்லக்கூடியவர்கள். கதவுக் கீலுக்குத் திருகாணி முடுக்கவும், நாற்காலிக் காலைச் சரிசெய்யவும், குழந்தைக்கு ஒரு தள்ளுவண்டி செய்து கொடுக்கவும் ஆசையுள்ள குடும்பஸ்தர்களை உத்தேசித்தே எழுதுகிறோம்.

இதற்குக் கீரமங்கலத்தை ஏன் எடுத்துக்கொண்டோம் என்று நேயர்கள் கேட்கலாம். புதுக்கோட்டை ஜில்லாவில் ஆலங்குடிப் பக்கத்திலுள்ள இந்தப் பேரூரைப் பெரும்பாலோர் பூச்சந்தையைக் கொண்டே அறிவார்கள். மல்லிகையும் முல்லையும் விடிவதற்கு முன்பே மூட்டை மூட்டையாக இறங்கும் ஊர் இது. சிவபக்தர்கள் இங்குள்ள 81 அடி உயரச் சிவபெருமான் சிலையையும், அதன் எதிரே நிற்கும் நக்கீரர் சிலையையும் அறிவார்கள். அந்த நக்கீரர் சங்கை அறுத்து வளையல் செய்யும் குலத்தில் பிறந்தவர் என்பது ஐதிகம். தமிழ்ச் சங்கத்துப் புலவர் கையிலே ஒரு காலத்தில் அறுவைவாளும் இருந்தது என்று எண்ணிப் பார்ப்பதில் நமக்கு ஒரு தனிச் சந்தோஷம்! ஆனால் நாம் இங்கே வந்தது பூவுக்காகவும் அல்ல, புலவருக்காகவும் அல்ல. பலாவுக்காக வந்தோம். கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், சேந்தன்குடி, நெடுவாசல் என்று வரிசையாய் இருக்கும் இக்கிராமங்களின் செம்மண்ணில் தென்னையும் பலாவும் செழித்து வளர்கின்றன.

செழித்து வளர்ந்த அந்தத் தோப்புகளுக்கு நேர்ந்த கதியையும் சொல்லியாகவேண்டும். 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆந் தேதி விடியுமுன், ‘கஜா’ என்று பெயரிடப்பட்ட புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை ஏறியது. கரை ஏறியதோடு நில்லாமல் உள்நாட்டில் வெகுதூரம் மேற்கே சென்றது. வழியில் இருந்த தென்னந்தோப்புகள் தீக்குச்சிகளைப்போல் முறிந்தன. தலைமுறை தலைமுறையாகக் காய்த்த பலாமரங்கள் வேரோடு சாய்ந்தன. தென்னை ஒன்றுக்கு, வெட்டி அகற்றும் கூலி உட்பட, 1,100 ரூபாய் நிவாரணம் என்று அரசாங்கம் அறிவித்தது. ஒரு தென்னை பல வருஷம் காத்திருந்து காய்க்கவேண்டியது. ஒரு நல்ல பலாவோ பேரனுக்கென்று தாத்தா வைப்பது. அதற்கு எந்தத் தொகையை ஈடாகச் சொல்லமுடியும்?

இதில் நம் விஷயத்துக்கு வேண்டியது ஒன்று உண்டு. ஒரே இரவில் ஒரு பிரதேசத்தின் மரம் முழுவதும் தரையில் கிடக்கும்போது, வாங்க வருகிறவர் சொல்வதே விலையாகிவிடுகிறது. வைரம் பாய்ந்த பலாவுக்கும் விறகுக்கும் அப்போது அதிக வித்தியாசம் இல்லை. விழுந்த அடிமரத்தை உடனே அறுவை மில்லுக்குக் கொண்டுபோய்ப் பலகையாக அறுத்து, முனைகளில் வர்ணமோ மெழுகோ பூசி, பலகைக்குப் பலகை இடையே சிறு குச்சிகளைக் கொடுத்து நிழலில் அடுக்கினால் அது பல வருஷங்களுக்கு முதலாக இருக்கும். வெயிலில் அப்படியே போட்டுவைத்தால் முனையிலிருந்து வெடிப்புக் கண்டு சில மாதங்களில் அடுப்புக்குத்தான் ஆகும். கூரை பறந்துபோன வீட்டுக்காரரிடம் போய்ப் பலகை அடுக்கும் முறையை உபதேசிப்பது நியாயமல்லதான். ஆயினும் அறுத்து வைக்கப்பட்ட பலகை பல வருஷம் நிழலில் உலர்ந்து முதிர்ந்தால், பெட்டி செய்ய அதைவிட நல்ல சரக்கு வேறு வேண்டியதில்லை.

பச்சை மரம் பெட்டிக்கு உதவாது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் காற்றில் உலரவேண்டும் என்பது மேல்நாட்டுத் தச்சர்கள் வைத்துள்ள பழைய கணக்கு. நமது உஷ்ணத்தில் அவ்வளவு காலம் வேண்டாம் எனினும், அவசரம் கூடாது. நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்கிறவர்கள் புது மரத்தைத் தொடுவதில்லை; பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் ஆச்சாமர உத்தரத்தையும் தூணையும் தேடி வாங்குகிறார்கள். பல பத்து வருஷம் கூரையைத் தாங்கி உலர்ந்த மரம் இனிமேல் சுருங்காது, வளையாது. அந்த நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தஞ்சாவூர் வீணைக்கு 2013-இலேயே கிடைத்துவிட்டது. அந்த வீணையின் குடமும் தண்டியும் பலாமரமே என்பது சங்கீத ரசிகர்களுக்குத் தெரியும். சரஸ்வதியின் கையிலுள்ள வாத்தியத்துக்கு ஏற்ற மரம் நம்முடைய உளிக்கும் சுத்தியலுக்கும் போதாதென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பலாவின் குணங்களை ஒரு பட்டறையில் நேரே பார்த்தோம். ஆசாரியார் வயதானவர். நாம் வழக்கம்போல், “ஆசாரியாரே, இந்தப் பலகை என்ன விலை?” என்று ஆரம்பித்தோம்.

“விலை கிடக்கட்டுங்க ஐயா. முதல்ல தூக்கிப் பாருங்க” என்றார்.

தூக்கிப் பார்த்தோம். தேக்கைப் போலவே கனம் இருந்தது. கையில் வழுவழுப்பும் இருந்தது. அவர் ஓர் இழைப்புளியை எடுத்து இரண்டு தரம் ஓட்டினார். மேலே பழுப்பேறியிருந்த பலகை உள்ளே பொன் மஞ்சளாய்ப் பளிச்சிட்டது. “இந்த மஞ்சள்தாங்க வைரம். ஓரத்துல வெளுப்பாத் தெரியுது பாருங்க, அதைச் சீவி எறிஞ்சிடணும். பூச்சி அதுலதான் பிடிக்கும்” என்றார். அந்த மஞ்சள் நாளடைவில் காற்றுப்பட்டுச் செம்பழுப்பாக மாறும். பர்மாவிலும் இலங்கையிலும் பௌத்த பிக்ஷுக்கள் தம் ஆடைக்குச் சாயமாக வேகவைத்தது இந்தப் பலாமரத்தின் தூளைத்தான். பலா வைரத்தைக் கறையான் சுலபத்தில் தீண்டாது. உளிக்கு நன்றாக வெட்டுக் கொடுக்கும், திருகாணியைப் பிடித்துக்கொள்ளும்.

மற்ற மரங்களைப்பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தேக்கின் பெருமையை நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் கடைக்காரர் “பர்மாத் தேக்கு” என்று சொன்ன மாத்திரத்தில் மயங்கவேண்டாம். பர்மா தேசம் 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து உருட்டு மரத்தை வெளியே அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் தோட்டப்பயிராக வளர்த்த தேக்கு நம் துறைமுகங்களில் வந்து இறங்குகிறது. நம் ஊர்களிலேயே வரப்போரம் வளர்த்து இளமையில் வெட்டிய தேக்கும் உண்டு. அவையும் தேக்குத்தான், ஆனால் இளந்தேக்கில் வெளுப்பு அதிகம், வைரம் கொஞ்சம். வெளுப்புள்ள தேக்கைப் பூச்சி துளைக்கும். அதைவிட முற்றிய பலா மேல் என்பது நம்முடைய அபிப்பிராயம்.

வேம்பு நல்லது, அதன் கசப்பு பூச்சிக்கு ஆகாது. ஆனால் நேரான அகலப் பலகை கிடைப்பது அருமை. பூவரசு உறுதியும் அழகும் உடையது. சிறு பெட்டிகளுக்கு ஏற்றது. மாமரம் மலிவு, பூச்சிக்கும் அது மலிவே. கருவேலம் பாரமானது, உளிப்பிடிக்கும் சுத்தியல் காம்புக்கும் அதைப்போல் வேறில்லை, பெட்டிக்கு வேண்டாம். தென்னையில் வெளி ஓரம் இரும்பு, நடுப்பாகம் பஞ்சு. பற்கள் வெட்டி மூட்டுக் கோக்க அது இடங்கொடாது. கள்ளிப்பெட்டிப் பலகையில் செய்து வர்ணம் பூசி விற்பதை வாங்குவது பணத்தைக் கறையானுக்குக் காணிக்கை வைப்பதாகும். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்யும் பலகையோ ஒரு மழைக்காலத்து ஈரத்தில் அப்பம்போல் உப்பிவிடும்.

தகரப் பெட்டியும் பிளாஸ்டிக் பெட்டியும் இருக்கும்போது இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அவற்றுக்கும் உபயோகம் உண்டு. மின்சார வேலைக்காரர் மாடிப்படி ஏறி இறங்க மரப்பெட்டியைச் சுமந்தால் முதுகு ஒடிந்துவிடும். ஆனால் வீட்டில் நிலையாக இருக்கும் பெட்டிக்கு மரமே சிறந்தது. ஐப்பசி, கார்த்திகையில் தகரம் சீக்கிரம் குளிர்ந்து உட்புறத்தில் வியர்க்கிறது. அந்த நீர்த்துளி ரம்பத்தின்மேல் விழுகிறது. மரம் ஈரத்தைத் தான் கொஞ்சம் உறிஞ்சி, வெயில் வந்ததும் வெளியே விடுகிறது. உளியின் வாய் தகரத்தில் இடித்தால் மழுங்கும். மரத்தில் இடித்தால் மரத்துக்குத்தான் வடு.

மரப்பெட்டியின் ஆயுளுக்கு ஓர் அத்தாட்சி வேண்டுமானால், ஸ்வீடன் தேசத்துக் காட்லாந்து தீவைப் பார்க்கலாம். அங்கே மேஸ்டர்மியூர் என்ற இடத்தில், நீர் வடித்த சதுப்பு நிலத்தை 1936-இல் ஓர் உழவர் உழுதபோது, கலப்பையில் ஒரு பெட்டி தட்டுப்பட்டது. ஓக் மரத்தால் செய்த அந்தப் பெட்டி ஏறக்குறைய மூன்றடி நீளம். தச்சுக்கும் கொல்லு வேலைக்குமான சாமான்கள் 200-க்கு மேல் அதனோடு இருந்தன. சுமார் 1,000 வருஷம் சேற்றில் கிடந்தும் பெட்டி பெட்டியாகவே இருந்தது! அதை இழந்த தொழிலாளியின் வேதனையை நினைத்தால்தான் மனம் கஷ்டப்படுகிறது. அவன் பிழைப்பு முழுவதும் அந்த மூன்றடிக்குள் இருந்திருக்கும். அமெரிக்காவில் பியானோ வாத்தியம் செய்த ஸ்டட்லி என்பவர் சுவரில் மாட்டும் பெட்டி ஒன்றில் சுமார் 300 கருவிகளை அடக்கினார். கருங்காலியும் முத்துச்சிப்பியும் இழைத்த அது ஒரு நகைப்பெட்டியையே வெட்கச் செய்யும். நமக்கு அவ்வளவு வேண்டாம்.

நமக்கு நெருக்கமான உதாரணம் தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. 1910-இல் ஜோஹானஸ்பர்க்குக்கு அருகே காந்தியடிகள் நடத்திய டால்ஸ்டாய் பண்ணையில், சத்தியாக்கிரகக் குடும்பங்கள் தங்களுக்கு வேண்டிய பெட்டி, பெஞ்சு முதலியவற்றைத் தாங்களே செய்துகொண்டார்கள். தச்சு வேலைக்குத் தலைமை வகித்தவர் அந்தப் பண்ணை நிலத்தையே உதவிய காலன்பாக் என்ற கட்டடக் கலைஞர். அங்கே வாழ்ந்தவர்களில் தமிழர் பலர். பின்னர் 1934-இல் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் ஏற்பட்டபோது, அதன் காரியங்களை ஏற்று நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. ஸி. குமரப்பா. ஊரில் கிடைக்கும் பொருளை, ஊர்த் தொழிலாளியின் கையால், ஊராரின் தேவைக்கு ஆக்கவேண்டும் என்பது அவருடைய கட்சி. கீரமங்கலத்துப் பலாவைக் கீரமங்கலத்து ஆசாரியார் அறுத்து நம் வீட்டுக்குப் பெட்டி செய்து கொடுத்தால், அந்தக் கட்சிக்கு நாமும் ஒரு வோட்டுப் போட்டதாகும்.

இனிப் பெட்டியின் அமைப்பைக் கவனிப்போம். அளவைத் தீர்மானிப்பது நம்மிடமுள்ள மிக நீளமான கருவி. அது அநேகமாய்க் கைரம்பமாகவே இருக்கும். 22 அங்குல ரம்பமானால் பிடியும் சேர்ந்து 27 அங்குலம் வரை வரலாம். வெளியளவு 30 அங்குல நீளம், 14 அங்குல அகலம், 13 அங்குல உயரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு குடும்பத்துக்குத் தாராளம். இக்காலத்து மின்சாரத் துளைப்பானும் அடங்கும். முக்கால் அங்குலப் பலகையில் இதற்கு ஏறத்தாழ 14 சதுர அடி பலகை, அதாவது ஒரு கனஅடிக்குச் சற்றுக் குறைவான மரம் செல்லும். சீவலுக்கும் சேதத்துக்கும் சேர்த்து ஒன்றேகால் கனஅடி என்று கணக்கிட்டுக்கொண்டு அன்றைய விலையை விசாரித்தால், பெட்டியில் மரத்தின் பங்கு எவ்வளவு, கூலியின் பங்கு எவ்வளவு என்று விளங்கிவிடும். கூலியின் பங்குதான் அதிகமாயிருக்கும், இருக்கவும் வேண்டும். வெறும் பெட்டியே சுமார் 15 கிலோ கனக்கும். கருவிகளை நிரப்பினால் இரண்டு பேர் தூக்கவேண்டும்.

மூட்டுக்களே பெட்டியின் உயிர். நான்கு பலகைகளை முனைக்கு முனை சேர்த்து ஆணி அடித்திருந்தால், அதை விலை கேட்கவும் வேண்டாம். மரத்தின் முனையில் அடித்த ஆணி இரண்டு வருஷத்தில் இளகும். புறாவின் வால்போல் விரிந்த பற்களை வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோத்த மூட்டு, பசை விட்டுப்போனாலும் பிரியாது. பற்களுக்கிடையே மரத்தூளும் பசையும் கலந்து அடைத்திருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பாருங்கள். அடைத்திருந்தால் உளி பிடித்த கை தடுமாறியிருக்கிறது என்று அறியலாம்.

மரம் உலர்ந்தபின்னும் பருவத்துக்குப் பருவம் அகலவாட்டில் விரிந்து சுருங்கும். நீளவாட்டில் அநேகமாய் அசையாது. நல்ல பெட்டிக்கும் போலிப் பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் இந்த ஒரு குணத்தை அறிந்து செய்ததிலும் அறியாமல் செய்ததிலும்தான் இருக்கிறது. நான்கு பக்கத்திலும் ரேகை கிடையாக ஓடவேண்டும். அப்போது மழைக்காலத்தில் நான்கும் ஒன்றாய் உயர்ந்து, கோடையில் ஒன்றாய்த் தாழும். மூடியை ஒரே அகலப் பலகையாய்ப் போட்டால் வளையும். ஒரு சட்டம் செய்து, அதன் காடிக்குள் பலகையைப் பசையில்லாமல் மிதக்கவிட வேண்டும். அடிப்பலகைகள் குறுக்குவாட்டில் இருக்கட்டும்; கனம் தாங்கும். அடியில் இரண்டு தடித்த சட்டங்களை அடித்துத் தரையிலிருந்து ஓர் அங்குலமாவது பெட்டியை உயர்த்துவது அவசியம். தரையின் ஈரமும் கறையானும் அந்த ஓர் அங்குலத்தைத் தாண்டியே வரவேண்டும். வந்தால் நம் கண்ணில் படும்.

கீல் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். பித்தளைக் கீல், பித்தளைத் திருகாணி. கொண்டியும் நாதாங்கியும் கனமாக இருக்கட்டும். கைப்பிடியைத் திருகாணியை மட்டும் நம்பி வைத்திருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். பலகையில் ஊடுருவிய மறையாணி உத்தமம். இதை எல்லாம் பெட்டிக்காரர் முன்னிலையில் செய்யக் கூசவேண்டாம். உள்ளே குனிந்து முகர்ந்து பாருங்கள். புளித்த வாசனை வந்தால் மரம் உலரவில்லை. மூலைகளில் மாவுபோல் தூள் தென்பட்டால் உளுப்பு உள்ளே குடியிருக்கிறது. கவிழ்த்து அடியைப் பார்ப்பதற்கு ஒரு தொழிலாளி ஆட்சேபித்தால், அந்த ஆட்சேபணையே நமக்குப் பதில்.

உட்புறத்தில் வெறும் குழியாக விட்டுவிட்டால் பரண்சாக்குக்கும் பெட்டிக்கும் பேதமில்லை. மூடியின் உட்பக்கத்தில் ரம்பத்துக்கு ஒரு வார்க்கட்டு. பின்பலகையை ஒட்டி உளிகளுக்குத் துளையிட்ட சட்டம். மேலே முன்னும் பின்னும் நகரும் ஆழமில்லாத இரண்டு தட்டுகள், ஒன்றில் ஆணியும் திருகாணியும், மற்றொன்றில் மூலைமட்டம், அரம், குறடு. தட்டு நகரும் சட்டம் கருவேலம்போன்ற கெட்டி மரமாயிருந்தால் தேயாது. சுத்தியலும் இழைப்புளியும் அடியில் இருக்கட்டும். தாய்மார்களுக்கு ஒரு யோசனை: தையல் கத்தரியையும் அரிவாள்மணைத் திருகையும்கூட இதிலேயே வைக்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்கவேண்டாம். கத்தரி ஒருமுறை இந்தப் பெட்டிக்குள் போனால், மறுமுறை தகரம் வெட்டத்தான் வெளியே வரும்!

வெளிப்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாய் மூன்று தரம் தேய்த்தால் போதும். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக்கூடாது. அது தானே சூடேறித் தீப்பற்றிக்கொள்வது உண்டு. விரித்துக் காயப்போட்டுப் பிறகு அகற்றவேண்டும். அடிச்சட்டங்களுக்கு மாத்திரம் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசலாம். கடற்கரையில் படகுகளுக்குப் பூசி வந்தது அதுதான், பூச்சி நெருங்காது. ஆலங்குடிப் பக்கத்தில் முந்திரிக்குக் குறைவில்லை. அது தோலில் பட்டால் கொப்புளிக்கும் ஆதலால், பூசும் வேலையை ஆசாரியாரிடமே விட்டுவிடுவது நலம். உட்புறத்துக்கு எந்தப் பூச்சும் வேண்டாம். கருவிகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவுவது நம்மவர் வழக்கம். அது நாளடைவில் பிசின்போல் ஆகிவிடுகிறது. தையல் யந்திரத்துக்கு விடும் எண்ணெயில் நனைத்த துணியால் ஒரு துடைப்புத் துடைத்து வைப்பது மேல். வேலை முடிந்ததும் கைவியர்வையைத் துடைக்காமல் உள்ளே போட்டால், எந்த மரத்துப் பெட்டியும் துருவைத் தடுக்கமாட்டாது.

பெட்டிக்குச் சொல்லவேண்டிய காலம் மாசி, பங்குனி. அப்போது மரம் நன்றாக உலர்ந்திருக்கும். பலாக் காய்ப்பும் பூ வியாபாரமும் மும்முரப்படுமுன் பட்டறைகளில் சற்று ஓய்வும் இருக்கும். பாதி முன்பணம் கொடுத்து, அளவைக் காகிதத்தில் எழுதி, முடிந்தால் நம்முடைய ரம்பத்தையே கையில் எடுத்துச் சென்று காட்டிவிட்டு வரவேண்டும். இரண்டு தரம் போய்ப் பார்த்தால் வேலை நடக்கும். நான்கு தரம் போனால் ஆசாரியார் கோபித்துக்கொள்வார். சித்திரையில் செய்து முடித்த பெட்டியைக் கோடை முழுவதும் பட்டறையிலேயே வைத்திருந்து, பலகை ஏதேனும் விலகுகிறதா என்று பார்த்து, ஆடியில் வாங்கிக்கொள்ளலாம். புரட்டாசியில் ஆயுத பூஜை வருவதற்குள் கருவிகள் அதில் குடியேறியிருக்கும்.